நாவல் வீட்டு ஜாடி

கொடிக்கயிறு சுருங்கிவிட்டது என்றுதான் அமலோர் முதலில் நினைத்தார். சமையற்கட்டு ஜன்னல் கம்பியிலிருந்து கிணற்றடி நாவல் மரம் வரை பதினைந்து வருஷமாகத் தொய்ந்து கிடந்த நைலான் கயிறு, பிப்ரவரி மாதத்து முதல் ஞாயிறன்று வீணைக் கம்பி மாதிரி விறைத்து நின்றது. அடுத்த ஞாயிறு அது அறுந்து, அவருடைய இரண்டு வேட்டிகளும் ஒரு சட்டையும் மண்ணில் கிடந்தன. நீளமாக வேறு கயிறு வாங்கிக் கட்டினார். மூன்றாம் ஞாயிறு அதுவும் அறுந்தது.

அவர் மனைவி செலெஸ்தின், வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைப்பவள், கழுத்தில் கிடந்த அளவு டேப்போடு கொல்லைக்குப் போய்க் கிணற்றுச் சுவரிலிருந்து மரத்தடி வரை அளந்தாள். எப்போதும் ஏழு முழம் இருக்கும் இடம், அன்று பத்து முழம் இருந்தது.

"மரம் நகந்துகினு இருக்குதுங்க" என்றாள், பால் பொங்கிவிட்டது என்று சொல்கிற குரலில்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார் அமலோர்.

"கஸ்பார் வூட்டுப் பக்கம்."

அப்போதுதான் அமலோரின் முகம் மாறியது.

அவர் முகம் ஏன் மாறியது என்று புரிய வேண்டுமானால் ஜாடிக்காரத் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் வாய்க்காலுக்கு மேற்கே, பதினோரு வீடுகள் மட்டுமே உள்ள அந்தத் தெருவுக்கு நகராட்சி வைத்த பெயர் வேறு, ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரரே தலையைச் சொறிவார். செலெஸ்தினின் அப்பாவுக்குப் பாட்டனார் சவேரியப்பன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சமையல்காரராகச் சைகோனில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு, ஒரு பென்ஷன் காகிதத்தோடும் நீல மெருகு போட்ட ஒரு பீங்கான் ஜாடியோடும் கப்பலில் வந்து இறங்கியவர். அங்கே அவருடைய மேலதிகாரியான கப்பித்தானுக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பிரெஞ்சு நாட்டிலிருந்து சாராயத்தில் ஊறிய பழம் வரும். சாப்பாட்டுக்குப் பிறகு கட்டைவிரல் உயரக் கண்ணாடித் தம்ளரில் அந்த இனிப்புச் சாராயத்தை அவர் ஒரு மடக்குக் குடிப்பார், யாருக்கும் ஒரு சொட்டுத் தரமாட்டார். குப்பையில் போடச் சொல்லிக் கொட்டைகளை மட்டும் சமையல்காரரிடம் கொடுப்பார். சவேரியப்பன் அந்தக் கொட்டைகளை வாயில் போட்டுச் சப்பிச் சப்பி, பதினேழு வருஷத்தில் அந்தப் பானம் முழுவதையும் நாக்கால் படித்து முடித்திருந்தார்.

ஊருக்கு வந்தபோது அந்தப் பழம் இங்கே இல்லை, அந்தச் சர்க்கரையும் இல்லை. கிணற்றடியில் நாவல் மரம் இருந்தது, சந்தையில் பனங்கற்கண்டு இருந்தது, கடையில் பட்டைச் சாராயம் இருந்தது. பழத்தைக் கழுவாமல் ஈரத்துணியால் துடைத்து, இரும்பு படாமல் கருவேல முள்ளால் பழத்துக்குப் பன்னிரண்டு குத்துக் குத்தி, ஒரு அடுக்குப் பழம் ஒரு அடுக்குக் கற்கண்டு என்று ஜாடியில் நிரப்பி, முழுகச் சாராயம் ஊற்றி, வாய்க்குத் துணி கட்டிக் கோதுமை மாவால் பூசி இருட்டறையில் வைத்தார். முதல் வருஷம் பழத்தை அவசரப்பட்டு ஈரத்தோடு போட்டதால் பொங்கி வாயைப் பிய்த்துக்கொண்டு பீறிட்டது, அறை முழுக்க ஊதா. எத்தனையோ முறை சுண்ணாம்பு அடித்தும் அந்தச் சுவர் இன்றைக்கும் மழைக்காலத்தில் ஊதாவாக வியர்க்கும். இரண்டாம் வருஷம் பதம் வந்தது. ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, தெருவில் மேசை போட்டு வீட்டுக்கு ஒரு கண்ணாடி ஊற்றிக் கொடுத்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் குடித்து, உதட்டைத் துடைத்து, "நல்லாத்தான் கீது. எங்க நாரத்தையில போட்டா இன்னும் நல்லாருக்கும்" என்றார்.

அந்த ஒரு பேச்சிலிருந்துதான் மற்றப் பத்து ஜாடிகளும் பிறந்தன. நாரத்தை வீட்டார் சதையைத் தொடாமல் தோலை மட்டும் சீவிப் போட்டு, முதலில் கசந்து பிறகு வெகுநேரம் கழித்து இனிக்கிற ஒன்றைச் செய்தார்கள். இலந்தை வீட்டில் பழத்தை மூன்று நாள் வெயிலில் வாட்டிப் போட்டார்கள், அது தேன் போல ஒழுகும், குடித்தவர் நாற்காலியை விட்டு எழ நேரமாகும். விளாம்பழ வீட்டு ஜாடி திறக்கும்போது துப்பாக்கி வெடிக்கிற சத்தம் வரும் என்பதால் அதைத் திறக்கும் முன் கைக்குழந்தைகளை உள்ளே தூக்கிப் போய்விடுவார்கள். அரைநெல்லி வீட்டார் கிராம்பு சேர்த்தார்கள், முந்திரிப்பழ வீட்டார் தொண்டைக் கரகரப்பு போக இஞ்சி சேர்த்துத் தோற்றுப்போய், கரகரப்புதான் அதன் அழகு என்று சொல்லிவிட்டார்கள். சப்போட்டாவில் போடவே முடியாது என்று பத்துப் பேரும் சொன்னபோது பதினோராம் வீட்டுக்காரர், பழுத்ததை விட்டுவிட்டுச் செங்காயாகப் போட்டு ஜெயித்தார். வீடுகளுக்கு எண் போய் மரத்தின் பெயர் வந்தது. கல்யாணப் பத்திரிகையில்கூட 'மாதுளை வீடு' என்றுதான் அச்சடிப்பார்கள்.

ஒரே ஒரு விதி. மேசையில் வைக்கிற ஜாடி சொந்த மரத்துப் பழமாக இருக்க வேண்டும். ஒரு புயலில் பலா வீட்டு மரம் சாய்ந்தபோது, புதுக்கன்று காய்க்கிற வரை ஒன்பது வருஷம் அந்த வீட்டார் திருநாளில் வெறுங்கையோடு வந்து நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். அந்த ஒன்பது வருஷமும் அவர்கள் வீட்டுக்குப் பெயர் வெறும் 'எட்டாம் நம்பர்'.

ஆகவே, தெருவின் முதல் ஜாடியை வைத்திருந்த நாவல் வீட்டு மரம், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த நாரத்தை வீட்டை நோக்கி வாரம் ஒரு முழம் நடக்கிறது என்றால், செலெஸ்தின் நான்காம் தலைமுறையில் வெறும் மூன்றாம் நம்பர் ஆகப் போகிறாள் என்று பொருள். அதுவும் நாரத்தை வீட்டுக் கஸ்பாரிடம். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு திருநாளில், எல்லார் முன்னாலும், அவள் ஜாடியை முகர்ந்து பார்த்து, "இருமல் மருந்து வாசனை வருதே" என்று சொன்னவர் கஸ்பார். அதுவரை அவரைக் 'கஸ்பாரண்ணே' என்று கூப்பிட்ட செலெஸ்தின், அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடவே இல்லை. பேச்சில் வந்தால் 'பக்கத்து வூட்டுக்காரரு'.

மரம் நடந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில். பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, கட்டைவிரல் கண்ணாடியும் முடிந்து, தெருவே கதவைச் சாத்தித் தூங்குகிற ஒன்றரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நடந்தது. யாரும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று விழித்திருந்தவர்கள் எல்லாரும் இலந்தையைக் குடித்துவிட்டு விழித்திருந்ததால் தூங்கிப்போனார்கள். எழுந்து வந்து பார்த்தால் மரத்தின் பின்னால் ஏர் உழுத மாதிரி ஒரு முழ மண் பொலபொலவென்று கிடக்கும், அதில் மண்புழு நெளியும், கிளையில் கிளிகள் ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்திருக்கும்.

இரண்டு மாதத்தில் தெரு அதற்குப் பழகிவிட்டது. உழுத மண்ணில் அமலோர் முள்ளங்கி விதைத்தார், கை பருமனுக்கு வந்தது. மின்வாரிய ஆள் வந்து, மரம் போகிற வழியில் இருந்த கம்பியை உயர்த்திக் கட்டிவிட்டு, இன்னும் எத்தனை ஞாயிறு என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். நகராட்சி சர்வேயர் ஒருவர் மூன்று முறை அளந்து மூன்று அளவும் வேறாக வந்ததால், கோப்பில் 'மரம் சுமார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பங்குச் சாமியாரிடம் மந்திரிக்கச் சொன்னார்கள். அவர் வந்து, நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "பூசைக்கு வராதவங்க எத்தினியோ பேரு வூட்லயே கெடக்குறாங்க. இது ஞாயித்துக்கிழமையாவது நடக்குதே" என்று சொல்லிவிட்டுப் போனார். மே மாதம் ஒரு கொத்தனார் தானாகவே வந்து செலெஸ்தினிடம் பேசினார்.

"மரம் எப்பிடியும் சொவத்த இடிக்கும்மா. இப்பவே நானு எறக்கிட்டா செங்கல்லாவது மிஞ்சும்."

"சொவரு ரெண்டு வூட்டுக்கும் பொதுவு. அந்தப் பக்கம் கேட்டியா?"

"கேட்டன். 'வர்ற விருந்தாளிக்கு வாசல் வைக்கக் கேக்கணுமா'ன்னாரு முசே கஸ்பார்."

செலெஸ்தின் ஊசியில் நூலைக் கோத்தபடியே, "ரொம்பத்தான்" என்றாள். ஆனால் நூல் இரண்டு முறை ஊசிக் காதைத் தவறவிட்டது.

ஏனென்றால் மரம் ஏன் நடக்கிறது என்று தெருவில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஜாடியை வடிகட்டுவது ஜனவரி ஐந்தாம் தேதி, பதினோரு வீட்டிலும் ஒரே நாள். வடித்தபின் மிஞ்சும் பழச் சக்கையைக் கோழிக்குப் போடமாட்டார்கள். எந்த மரத்திலிருந்து எடுத்தார்களோ அந்த மரத்தின் வேரிலேயே குழி தோண்டிப் போடுவார்கள். சவேரியப்பன் காலத்துப் பழக்கம். மூன்று வருஷத்துக்கு முன், கஸ்பாரின் மனைவி லெயோனி இறந்து வந்த முதல் ஜனவரியில், நாரத்தைச் சக்கையை என்ன செய்வது என்று தெரியாத கஸ்பார் அதை ஒரு அலுமினியப் பேசினில் போட்டு நடுச்சுவர் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். செலெஸ்தினின் பேசினும் அதே சுவரில் இருந்தது. இரண்டும் ஒரே கோயில் திருவிழாவில் வாங்கிய ஒரே மாதிரிப் பேசின்கள். அவள் போகிற போக்கில் கையில் வந்ததை எடுத்துக் குழியில் கொட்டி, மண் தள்ளி மூடும்போதுதான் கசப்பு வாசனை மூக்கில் ஏறியது. கொட்டியதை அள்ளிக்கொண்டு போய், பேசாதவரிடம் பேசி, தப்பு என்னுடையது என்று சொல்வதா? மூடிவிட்டாள். அவளுடைய பேசினைக் கஸ்பார் தன்னுடையது என்று நினைத்துக் கொண்டுபோய் நாரத்தைக்குப் போட்டார். நாரத்தை மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வீட்டு ஆட்களைப் போலவே அதுவும் இருந்த இடத்தைவிட்டு அசையாது.

நாவலோ அந்த வருஷம் கிளை முறியக் காய்த்தது. அந்தப் பழத்தில் போட்ட ஜாடியைக் குடித்துவிட்டு, விளாம்பழ வீட்டு மதாம் ரொசாலி, யாரையும் மெச்சாதவள், "இன்னாடி போட்ட இதுல?" என்று கேட்டாள். செலெஸ்தினுக்கு அந்தக் கேள்வி ஒரு வருஷம் இனித்தது. ஆகவே அடுத்த ஜனவரியில், சுவர் மேலிருந்த கஸ்பாரின் பேசினிலிருந்து, தெரிந்தே, இரண்டு கை அள்ளினாள். அதற்கடுத்த ஜனவரியில் பாதிப் பேசின்.

பிப்ரவரியில் மரம் புறப்பட்டுவிட்டது.

ஜூன் நடுவில் அது சுவரை அடைந்து, கொத்தனார் இறக்கிவைத்த இடைவெளியில் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக நின்றது. பழுக்கிற காலம். அந்த ஆறு வாரமும் அது நகரவில்லை, காய்த்துக்கொண்டு நடக்க எந்த மரத்தாலும் முடியாது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். செலெஸ்தின் தன் பக்கம் விழுந்ததை மட்டும் பொறுக்கினாள். கால் ஜாடிக்குக்கூடக் காணாது. இரண்டாம் நாள் காலையில் இறக்கிய சுவர் மேல் ஒரு கூடை இருந்தது, வாழையிலை மூடியிருந்தது. அந்தப் பக்கம் விழுந்த பழங்கள், ஒவ்வொன்றும் துடைத்தது.

"எடுக்காதீங்க" என்றாள் செலெஸ்தின். "நம்மள பிச்சக்காரின்னு காட்டத்தான் வச்சிருக்காரு."

அமலோர் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "மனுசங்க சண்ட போட்டுக்கட்டும். பழம் இன்னா பாவம் பண்ணுச்சு?"

ஆறு வாரமும் தினம் ஒரு கூடை வந்தது. வெறும் கூடையை அமலோர்தான் திருப்பி வைத்தார். செலெஸ்தின் ஒவ்வொரு பழத்தையும் முள்ளால் பன்னிரண்டு குத்துக் குத்தினாள், ஒவ்வொரு குத்தும் தன் விரலில் இறங்குவது போல இருந்தது.

பழம் ஓய்ந்ததும் மரம் மறுபடி நடந்து, அக்டோபர் கடைசியில் நாரத்தை மரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. கிளைகள் கலந்தன. பிறகு எத்தனையோ ஞாயிறு வந்தும் அது அசையவில்லை. அமலோர் கொடிக்கயிற்றை முருங்கை மரத்துக்கு மாற்றினார்.

ஜனவரி ஆறு வந்தது. தெரு நடுவில் மேசை, வெள்ளை விரிப்பு, பதினோரு ஜாடி. மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு அந்தத் தெருவில் இன்னொரு பழக்கம் உண்டு. பெரிய கேக்குக்குள் ஒரு மொச்சைக்கொட்டையை வைத்துச் சுடுவார்கள், அது யார் துண்டில் வருகிறதோ அவருக்குக் காகிதக் கிரீடம் வைப்பார்கள், அன்றைக்கு ஒரு நாள் தெரு வழக்குக்கெல்லாம் அவர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் வழக்கு ஒன்றே ஒன்று. மரம் நாரத்தை வீட்டில் நிற்கும்போது நாவல் ஜாடி மேசையில் யாருக்காக நிற்கிறது?

கேக்கை அறுத்தார்கள். எல்லாரும் மெதுவாக மென்றார்கள். கஸ்பார் வாயிலிருந்து மொச்சைக்கொட்டையை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"போச்சுடா" என்றார் முந்திரிப்பழ வீட்டுக்காரர், கொஞ்சம் சத்தமாகவே.

எழுபது வயதுக்காரர், தலை சிறுத்தவர், காகிதக் கிரீடம் காது வரை இறங்கியது. அவர் அதை நிமிர்த்திவிட்டு வாயைத் திறப்பதற்குள் செலெஸ்தின் எழுந்தாள். நீல மெருகு ஜாடியை இரண்டு கையாலும் தூக்கித் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"தீர்ப்பு வாணாம். நானே எடுத்துக்கிறன்" என்றாள். "அந்த மரம் அதுவா போவல. மூணு வருஷமா பக்கத்து வூட்டுச் சக்கைய எடுத்து நாந்தான் அதுக்குப் போட்டன். மொத வருஷம் தெரியாம. அப்புறம் தெரிஞ்சே. அது ருசி கண்டு போயிடுச்சு. எங்க ஜாடி நல்லாருக்குன்னு நீங்க சொன்னதெல்லாம் நாரத்த குடுத்தது. இனிமே எங்க வூடு மூணாம் நம்பரு."

மதாம் ரொசாலி, "அதான் இன்னா போட்டன்னு கேட்டன்" என்று முணுமுணுத்தாள்.

கஸ்பார் கிரீடத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா என் பேசின்ல சக்கை கொறையுது" என்றார். "பூனைன்னு நெனச்சன். அந்தப் பூனைய ஒரு நாளாவது புடிக்கணும்னு ஜன்னலாண்ட ஒக்காந்தா, தூங்கிப் பூடுவன். லெயோனி இருந்திருந்தா புடிச்சிருப்பா." மேசையில் இருந்த தன் கட்டைவிரல் கண்ணாடியை எடுத்து நீட்டினார். "எனக்கு மார்கழி பொறந்ததுலேருந்து இருமலு. அந்த மருந்த ஊத்து தங்கச்சி."

ஒன்பது வருஷத்தில் அவர் அந்த ஜாடியிலிருந்து ஒரு சொட்டுக் குடித்ததில்லை. செலெஸ்தின் ஜாடியை இறக்கி ஊற்றினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, கண்ணாடியை மறுபடி நீட்டினார்.

"இன்னொண்ணு. மொதல்ல குடிச்சது இருமலுக்கு."

இரண்டாவதையும் குடித்துவிட்டு அவர் எழுந்து நின்றார், ராஜா நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும் என்பதால் தெருவே நின்றது.

"நாரத்த எங்க வூட்ல நூறு வருஷமா கீது. இந்த ருசி அதுல ஒரு நாளும் வந்ததில்ல. அப்போ இது நாரத்த குடுத்ததில்ல. கை குடுத்தது. மரம் என் கொல்லையில நிக்கிது, வாஸ்தவம். என் வூட்ல யாருக்கு நாவல் போடத் தெரியும்? நான் போட்டா நெசமாவே இருமல் மருந்துதான் வரும். அதனால சொல்றன். மரம் எங்க வேணா போய் நிக்கட்டும். ஜாடி அவுங்களுது. வூட்டுப் பேரும் அவுங்களுது. ஏத்துக்கிறீங்களா?"

"ஏத்துக்கிறம்" என்றது தெரு, ஊதா நாக்கோடு. ஏனென்றால் அவர் பேசிக்கொண்டிருந்தபோதே ஆளுக்கு ஒரு கண்ணாடி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அன்று சாயந்திரப் பூசையில் நற்கருணை கொடுக்கும்போது நாக்கு நாக்காகப் பார்த்துக்கொண்டே போன சாமியார், செலெஸ்தினிடம் வந்ததும், "தீர்ப்பு நல்லபடியா?" என்று கேட்டார்.

அவள் வீட்டுக்குப் போகிற வழியில் கஸ்பார் வீட்டு வாசலில் நின்று, "கஸ்பாரண்ணே, கூடைய நாளைக்குக் குடுத்துடறன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். திருப்பிக் கொடுக்க அவளிடம் கூடை எதுவும் இருக்கவில்லை. அது அவருக்கும் தெரியும். "மெதுவா குடும்மா" என்றார் அவர்.

அந்த வருஷத்திலிருந்து பதினோரு வீட்டாரும் தங்கள் சக்கையில் ஒரு கை எடுத்து நாவல் மரத்துக்குப் போட ஆரம்பித்தார்கள், யாரும் யாரிடமும் சொல்லி வைத்துக்கொள்ளவில்லை. மரம் மறுபடி புறப்பட்டது. நாரத்தை வீட்டிலிருந்து கொய்யா வீட்டுக்கு, அங்கிருந்து மாதுளை வீட்டுக்கு, தெருவைக் குறுக்கே கடந்தபோது இரண்டு மாதம் சைக்கிள்கள் சுற்றிக்கொண்டு போயின. போகிற வீட்டிலெல்லாம் சுவரில் ஒரு இடைவெளி விட்டுப் போனது, அந்த இடைவெளிகளை யாரும் அடைக்கவில்லை. எந்த வீட்டில் அது பழுக்கிறதோ அந்த வீட்டார் முதல் கூடையை இலை மூடிச் செலெஸ்தினுக்குக் கொண்டுவருவார்கள். நெல்லி வீட்டருகே நின்ற வருஷம் கொஞ்சம் துவர்த்தது, இலந்தை வீட்டில் நின்ற வருஷம் குடித்தவர்கள் மறுநாள்தான் எழுந்தார்கள். செலெஸ்தின் ஜாடியின் மேல் வருஷத்தோடு அந்த வீட்டின் பெயரையும் எழுதி ஒட்டுகிறாள். ஆகவே இன்றைக்கு நாவலில் மட்டுமே ஏழு வகை.

வெளியூரிலிருந்து ஜாடிக்காரத் தெருவுக்கு வருகிறவர்கள், மூலையில் இருக்கும் டீக்கடையில் நாவல் வீடு எது என்று கேட்பார்கள். கடைக்காரர் கையைக் காட்டுகிற இடத்தில் தையல் மெஷின் சத்தம் கேட்கும், கொல்லையில் ஒரு கிணறும் முள்ளங்கிப் பாத்தியும் முருங்கையில் கட்டிய கொடிக்கயிறும் இருக்கும். "மரத்தக் காணமே?" என்று வந்தவர் கேட்டால், செலெஸ்தின் கால் மிதியை நிறுத்தாமல் சொல்வாள்:

"வெளிய போயிருக்குது. ஒக்காருங்க, ஜாடி உள்ள கீது."